இயந்திரத்தின் எழுத்துக்கு யார் ஜவாப்தாரி?

பேசுகின்ற பேச்சைக் கேட்டு அதை எழுத்தாக்கித் தருகின்ற இயந்திரம் இப்போது சினிமாக் கம்பெனிகளிலும், டெலிவிஷன் நிலையங்களிலும், யூட்யூபுக்குப் படம் எடுக்கும் வாலிபர்களின் சிறு அறைகளிலும் சாதாரணச் சாமானாக ஆகிவிட்டது. ஒரு மணி நேரப் பேச்சை ஒரு மனிதன் உட்கார்ந்து கேட்டு எழுதுவதானால் வழக்கமாக நாலு மணி நேரம் பிடிக்கும். பேச்சுத் தெளிவில்லாவிட்டால் அதற்கு மேலும் ஆகும். இயந்திரமோ சில நிமிஷங்களில் எழுதி, இன்ன வார்த்தை இன்ன வினாடியில் பேசப்பட்டது என்கின்ற கணக்கையும் கூடவே போட்டுக் கொடுத்து விடுகின்றது. அதையே படத்தின் அடியில் ஓடவிட்டால் சப்டைட்டில் என்கின்ற அடியெழுத்தும் தயாராகி விடுகின்றது. இதைக் கண்டு, "இனி எழுதுகிறவனும் வேண்டாம், சரிபார்க்கிறவனும் வேண்டாம்" என்று ஒரு கூட்டத்தார் குதிக்கின்றார்கள். மற்றொரு கூட்டத்தார், "இது மனிதன் வயிற்றில் அடிக்க வந்த பிசாசு, இதைத் தொடவே கூடாது" என்று கூச்சல் போடுகின்றார்கள்.

நாம் இந்த இரு கூட்டத்தாரையும் ஒப்புக்கொள்ளத் தயாராயில்லை. இயந்திரத்தைக் கும்பிடுவதும் மூடநம்பிக்கைதான். இயந்திரத்தைக் கண்டு நடுங்குவதும் மூடநம்பிக்கைதான். மனிதனுடைய கஷ்டத்தைக் குறைக்கின்ற எந்தக் கருவியையும் வேண்டாம் என்று சொல்ல நமக்குக் காரணமில்லை. நாம் கேட்பது ஒரே ஒரு கேள்விதான். இயந்திரம் எழுதியது தப்பாயிருந்தால் அந்தத் தப்பு யார் தலையில் விழுகின்றது? அதற்கு ஜவாப்தாரி யார்?

இதற்குப் பதில் காண, அடியெழுத்து யாருக்காக ஏற்பட்டது என்பதை முதலில் கவனிக்க வேண்டும். அமெரிக்காவில் 1972-ம் வருஷத்தில் பாஸ்டன் நகரத்து டபிள்யூ.ஜி.பி.எச். நிலையத்தார் 'பிரெஞ்சு செஃப்' என்கின்ற சமையல் நிகழ்ச்சியில், பேச்சை அடியில் எழுத்தாகப் போட்டுக் காட்டினார்கள். காது கேளாதவர்களும் அந்த நிகழ்ச்சியைப் புரிந்துகொண்டு பார்க்க அது வழி செய்தது. 1980 மார்ச் 16 முதல், வேண்டியவர்களுக்கு மாத்திரம் தெரியும்படியான மறைவெழுத்து முறை அங்கே நடைமுறைக்கு வந்தது. ஆனால் அதைப் பார்ப்பதற்குக் காது கேளாதவன் தன் காசைப் போட்டுத் தனிப்பெட்டி ஒன்று வாங்க வேண்டியிருந்தது. பிறகு 1990-ல் சட்டம் செய்து, 1993 ஜூலை முதல் 13 அங்குலமும் அதற்கு மேலுமுள்ள டெலிவிஷன் பெட்டிகளில் அந்த வசதி உள்ளேயே இருக்க வேண்டும் என்று ஏற்பாடு செய்தார்கள். இன்டர்நெட்டில் படம் காட்டும் நெட்பிளிக்ஸ் கம்பெனி மீது காது கேளாதோர் தேசீய சங்கத்தார் 2011-ல் வழக்குப் போட்டார்கள். 2012-ல் ஏற்பட்ட உடன்பாட்டில், 2014-க்குள் எல்லாப் படங்களுக்கும் எழுத்துப் போடுவதாக அந்தக் கம்பெனி ஒப்புக்கொண்டது. சட்டம் செய்தும் வழக்காடியும் வாங்கிய உரிமை இது. யாரும் தயவு பண்ணித் தூக்கிக் கொடுத்ததல்ல.

நம் தேசத்தில் 2011-ம் வருஷத்து ஜனக்கணக்கின்படி காது கேட்பதில் குறையுள்ளவர்கள் 50 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள். 2016-ம் வருஷத்து மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 42-வது பிரிவு, டெலிவிஷன் முதலிய சாதனங்களில் அவர்களுக்கு அடியெழுத்து முதலிய வசதிகள் கிடைக்கச் செய்ய வேண்டும் என்று சர்க்காருக்குக் கடமை விதித்திருக்கின்றது. சட்டம் இருக்கின்றது, தேவையும் இருக்கின்றது. இந்தச் சமயத்தில் இயந்திரம் வந்து, "நான் எல்லாவற்றையும் மலிவாக எழுதித் தருகின்றேன்" என்கின்றது.

நல்லது, எழுதட்டும். ஆனால் அது எழுதியதில் தப்பிருந்தால் காது கேட்கிறவனுக்கு அதனால் பெரிய நஷ்டமில்லை. அவன் பேச்சையும் கேட்கின்றான், எழுத்தையும் பார்க்கின்றான், இரண்டும் ஒத்துவராதபோது சிரித்துவிட்டுப் போய்விடுகின்றான். காது கேளாதவனுக்கோ எழுத்து ஒன்றுதான் ஆதாரம். தப்பு என்று தெரிந்துகொள்ளவும் அவனுக்கு வழி கிடையாது. அதாவது, எவன் தப்பைக் கண்டுபிடிக்க முடியாதோ அவன் தலையில்தான் தப்பு முழுவதும் வந்து விழுகின்றது.

நம் கிராமங்களில் பத்திரம் எழுதும் வழக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எழுதப் படிக்கத் தெரியாத குடியானவன் கைநாட்டு வைக்கின்றான். அவனை ஏமாற்ற எவ்வளவோ இடமிருக்கின்றது. அதனால்தான் எழுதியதை அவனுக்குப் படித்துக் காட்ட வேண்டும், சாட்சிகள் கையெழுத்துப் போட வேண்டும், எழுதினவன் இன்னான் என்று அடியில் பெயர் போட வேண்டும் என்றெல்லாம் ஏற்பாடு செய்து வைத்திருக்கின்றார்கள். நாளைக்கு வியாஜ்யம் வந்தால் கூப்பிட்டுக் கேட்க ஒரு ஆள் இருக்கின்றான். இயந்திரம் எழுதுகின்ற அடியெழுத்திலோ எழுதினவன் பெயரும் இல்லை, சாட்சியும் இல்லை, படித்துக் காட்டுவாரும் இல்லை. ஐந்து ரூபாய்க் கடன் சீட்டுக்கு இருக்கின்ற காபந்து லட்சக்கணக்கான ஜனங்கள் பார்க்கின்ற படத்துக்கு இல்லையென்றால், இதை என்னவென்று சொல்வது?

நிற்க, இந்த இயந்திரம் எப்படி வேலை செய்கின்றது என்பதைத் தெரிந்துகொண்டால் அதன் மேலுள்ள பயமும் பக்தியும் தானாகவே போய்விடும். 1952-ல் அமெரிக்காவில் பெல் ஆராய்ச்சிச் சாலையார் 'ஆட்ரி' என்று ஒரு இயந்திரம் செய்தார்கள். ஒரு மனிதர் நிறுத்தி நிறுத்திச் சொல்லும் 0 முதல் 9 வரையுள்ள எண்களை அது அடையாளம் கண்டது, அவ்வளவுதான். 1962-ல் ஐ.பி.எம். கம்பெனியார் காட்டிய இயந்திரத்துக்கு 16 வார்த்தைகள் தெரிந்திருந்தன. 2009 நவம்பரில் யூட்யூபில் தானாக எழுத்துப் போடும் வசதி வந்தது. அதற்காகப் பாடுபட்டவர்களில் முக்கியமானவரான கென் ஹாரன்ஸ்டீன் என்கின்ற என்ஜினீயர் தாமே காது கேளாதவர். 2022 செப்டம்பரில் ஓப்பன் ஏ.ஐ. கம்பெனியார் வெளியிட்ட 'விஸ்பர்' என்கின்ற இயந்திரமோ 6,80,000 மணி நேரப் பேச்சைக் கொண்டு பழக்கப்பட்டது.

பழக்குவது என்றால், ஒலியைச் சிறு சிறு துண்டுகளாக்கி எண்களாக மாற்றி, இன்ன ஒலிக்கு இன்ன எழுத்து என்று லட்சக்கணக்கான மணி நேரம் காட்டிக் காட்டி, பிறகு புது ஒலி வரும்போது அடுத்த வார்த்தை எதுவாயிருக்கக் கூடும் என்று ஊகிக்கச் செய்வதாகும். ஆகவே அது செய்வது ஊகம். ஊகம் பெரும்பாலும் சரியாயிருக்கலாம். ஆனாலும் ஊகம் ஊகந்தான். மனிதன் காதில் விழாவிட்டால், "என்ன சொன்னீர்கள்?" என்று திருப்பிக் கேட்பான். இயந்திரமோ தெரியாத இடத்திலும் தெரிந்ததுபோல் அழகாக ஒரு வாக்கியத்தை எழுதிவிடும்.

இதை நாம் கற்பனையாகச் சொல்லவில்லை. 2024-ல் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்ட ஒரு பரிசோதனையில், விஸ்பர் எழுதியவற்றில் 100-க்கு 1 என்கின்ற அளவில், யாரும் பேசாத முழு வாக்கியங்களும் சொற்றொடர்களும் நுழைந்திருக்கக் கண்டார்கள். அப்படி நுழைந்தவற்றில் 100-க்கு 38, அடிதடியைப் பற்றியோ, இல்லாத உறவையும் நோயையும் பற்றியோ, பேசினவர் சொல்லாத வேறு தீங்கான விஷயத்தைப் பற்றியோ இருந்தன. பேச்சுக்கு நடுவில் மௌனம் அதிகமாயுள்ளவர்கள் விஷயத்தில், அதாவது நோயினால் வார்த்தை திக்குகின்றவர்கள் விஷயத்தில், இந்தக் கோளாறு அதிகமாயிருந்தது. மௌனத்தை மௌனமாக விட அந்த இயந்திரத்துக்குத் தெரியவில்லை. மனிதன் யோசித்துக்கொண்டு சும்மா இருந்த நேரத்தில் அவன் வாயில் இது வார்த்தையைப் போட்டிருக்கின்றது. கோர்ட்டில் இப்படி ஒரு சாட்சியின் வாயில் வார்த்தையைப் போடுகின்ற குமாஸ்தாவை ஒரு நாளாவது வேலையில் வைத்திருப்பார்களா?

அன்றியும், யாருடைய பேச்சு இயந்திரத்துக்கு நன்றாக விளங்குகின்றது என்பதையும் பார்க்க வேண்டும். 2020-ல் அமெரிக்காவில் அமேசான், ஆப்பிள், கூகிள், ஐ.பி.எம்., மைக்ரோசாஃப்ட் ஆகிய ஐந்து கம்பெனிகளின் இயந்திரங்களையும் சோதித்துப் பார்த்தார்கள். வெள்ளைக்காரர்கள் பேசிய 100 வார்த்தைகளுக்குச் சராசரி 19 தப்பும், கறுப்பர்கள் பேசிய 100 வார்த்தைகளுக்குச் சராசரி 35 தப்பும் காணப்பட்டன. இயந்திரத்துக்கு நிறத்துவேஷம் உண்டா என்றால், இல்லை. அதைப் பழக்கினவர்கள் எவருடைய பேச்சை அதிகமாகப் போட்டார்களோ அவர்களுடைய பேச்சு அதற்கு விளங்குகின்றது. எவருடைய பேச்சைக் குறைவாகப் போட்டார்களோ அவர்களுடைய பேச்சு விளங்கவில்லை. சமூகத்தில் யாருடைய குரல் முன்னமே எடுபடவில்லையோ, இயந்திரத்திலும் அவனுடைய குரல் எடுபடவில்லை. பழைய அநியாயத்தைப் புது இரும்புக்குள் ஊற்றிவிட்டு, "கணக்கு சொல்லுகின்றது, நாங்கள் என்ன செய்வோம்?" என்று கையை விரித்தால் ஒப்புக்கொள்ள முடியுமா?

இந்தச் சங்கதி அமெரிக்காவோடு நின்றுவிடவில்லை, தமிழுக்கும் பொருந்தும். விஸ்பர் படித்த 6,80,000 மணி நேரத்தில் இங்கிலீஷ் பேச்சை இங்கிலீஷிலேயே எழுதியது சுமார் 4,38,000 மணி நேரம். மற்ற 96 பாஷைகளுக்கும் சேர்த்து, அந்தந்தப் பாஷையிலேயே எழுதியது சுமார் 1,17,000 மணி நேரந்தான். தமிழ் அந்த 96-ல் ஒன்று. போதாக்குறைக்கு நம்முடைய பாஷையில் எழுதுவது ஒன்று, பேசுவது ஒன்று. 'இருக்கிறது' என்று எழுதுகின்றோம். ஒருவர் 'இருக்கு' என்கின்றார். கொங்கு நாட்டார் 'இருக்குதுங்க' என்கின்றார். சென்னைக் குப்பத்தில் 'கீது' என்கின்றார்கள். யாழ்ப்பாணத்தார் 'பேசுகிறேன்' என்பதற்குக் 'கதைக்கிறன்' என்கின்றார். இவை எல்லாம் தமிழே. செய்தி வாசிப்பவர் பேசுவது மாத்திரம் தமிழ், மீன்காரி பேசுவது தமிழல்ல என்று தீர்ப்புச் சொல்ல எந்தப் பண்டிதருக்கும் அதிகாரமில்லை. அப்படியிருக்க, இயந்திரத்துக்கு அந்த அதிகாரத்தைக் கொடுத்தவர் யார்?

அதிலும் தமிழில் ஒரு எழுத்து மாறினால் போதும், தலை கீழாகிவிடும். "அவர் பணம் வாங்கலே" என்று ஒரு கிழவர் சாட்சி சொல்லுகின்றார் என்று வைத்துக்கொள்வோம். அதை "அவர் பணம் வாங்கலாம்" என்று இயந்திரம் எழுதிவிட்டால், கணக்குப் பார்ப்பவர் அதை ஒரு தப்பு என்றுதான் எண்ணுவார். 'அந்த' என்பதை 'இந்த' என்று எழுதினாலும் ஒரு தப்புத்தான். இரண்டும் ஒன்றா? "100-க்கு 95 சரி" என்று பெருமையடிப்பவர்களைக் கேட்கின்றோம். நிமிஷத்துக்கு 150 வார்த்தை வீதம் ஒரு மணி நேரப் பேச்சில் 9,000 வார்த்தைகள். அதில் 100-க்கு 5 என்றால் 450 தப்புகள். அந்த 450-ல் எத்தனை 'இல்லை'கள் 'உண்டு' ஆகியிருக்கின்றன என்று யாராவது கேட்டுப் பார்த்தார்களா?

தமிழுக்காக யாரும் ஒன்றும் செய்யவில்லை என்று நாம் சொல்ல வரவில்லை. சென்னை ஐ.ஐ.டி.யைச் சேர்ந்த ஆராய்ச்சிக் கூட்டத்தார் 2024-ல், இந்திய தேசத்தின் 22 பாஷைகளில், 145 ஜில்லாக்களிலிருந்து, 16,000-க்கு மேற்பட்ட மனிதர்கள் பேசிய 7,348 மணி நேரப் பேச்சைச் சேகரித்திருப்பதாக வெளியிட்டிருக்கின்றார்கள். எழுதி வைத்ததை வாசிக்கச் சொல்லாமல், பெரும்பாலும் ஜனங்கள் தங்கள் போக்கில் பேசிய பேச்சையே எடுத்திருக்கின்றார்கள். இதுதான் யோக்கியமான வழி. இயந்திரம் நம்முடைய பேச்சைத் தெரிந்துகொள்ள வேண்டுமானால், நம்மவர் எல்லோருடைய பேச்சும் அதன் காதில் விழ வேண்டும். ஆனால் அது முற்றும் நிறைவேறும் வரையில் சரிபார்ப்பு இல்லாமல் காலந்தள்ள முடியாது.

இது அடியெழுத்தோடு முடிகின்ற விஷயமுமல்ல. அடோபி கம்பெனியின் 'பிரீமியர் புரோ' என்கின்ற படத்தொகுப்புக் கருவியில் 2021-ல் பேச்சை எழுத்தாக்கும் வசதியும், 2023-ல் எழுத்தை வெட்டினால் படமும் கூடவே வெட்டுப்படுகின்ற வசதியும் வந்துவிட்டன. பத்து நாள் சுற்றி எடுத்த படத்தில் 'கூலி' என்று பேசின இடம் எது என்று தேடினால் அடுத்த வினாடியில் கண்டுபிடிக்கலாம். மிகவும் சௌகரியந்தான். ஆனால் ஒரு கூலிக்காரி கொச்சையாகச் சொன்ன வார்த்தை இயந்திரத்துக்கு விளங்காமல் வேறாக எழுதப்பட்டிருந்தால், தேடும்போது அது அகப்படாது. அகப்படாதது படத்தில் வராது. அவள் பேசினாள், காமிராவும் எடுத்தது, ஆனால் அவள் பேசாதவள் ஆகிவிட்டாள். அவளைத் தள்ளினவன் யார் என்று கேட்டால் ஒருவரும் இல்லை!

"அப்படியானால் ஆள் வைத்துச் சரிபார்த்தால் போகின்றது" என்று சொல்லலாம். அதைத்தான் நாமும் சொல்லுகின்றோம். ஆனால் இப்போது ஆள் வைக்கின்ற மாதிரி என்ன? இயந்திரம் எழுதிவிட்டதாம், இவன் திருத்த மாத்திரம் வேண்டியதாம், அதனால் பாதிக் கூலி போதுமாம்! கொரியா தேசத்து 'ஸ்குவிட் கேம்' தொடரின் ஸ்பானிஷ் அடியெழுத்துக்கு, இயந்திர மொழிபெயர்ப்பைப் போட்டு மனிதரைத் திருத்த மாத்திரம் வைத்தார்கள் என்று ஸ்பெயினிலுள்ள மொழிபெயர்ப்பாளர் சங்கமான ஆட்ரே 2021 அக்டோபரில் பகிரங்கமாகக் கண்டித்தது. தப்பெழுத்து தப்பாகத் தோன்றினால் திருத்துவது சுலபம். இயந்திரத்தின் தப்போ சரிபோலவே தோன்றும். கண்ணால் பார்த்துக்கொண்டே போனால் அகப்படாது. முழுப் பேச்சையும் காதால் கேட்டுத்தான் ஆக வேண்டும். கேட்கின்ற நேரத்துக்குக் கூலி இல்லை, திருத்தின வார்த்தைக்குத்தான் கூலி என்றால், அவசரமாகத் தள்ளிவிடு என்று முதலாளியே சொல்லிக்கொடுப்பதாகத்தான் அர்த்தம்.

இயந்திரமும் மனிதனும் சேர்ந்து யோக்கியமாக வேலை செய்ய முடியாது என்பதுமில்லை. இங்கிலாந்தில் பி.பி.சி. நிலையத்தார் 2008-ல் தங்கள் முக்கிய அலைவரிசைகளின் நிகழ்ச்சிகள் எல்லாவற்றுக்கும் அடியெழுத்து என்கின்ற நிலையை எட்டினார்கள். நேரடியாக நடக்கும் நிகழ்ச்சிகளுக்கு அங்கே ஒரு ஆள் உட்கார்ந்து, பேச்சைக் காதில் கேட்டு, அதைத் தன் குரலில் தெளிவாகத் திருப்பிச் சொல்லுவார். கால்புள்ளி, முற்றுப்புள்ளியையும் வாயாலேயே சொல்லுவார். அவர் குரலுக்குப் பழகிய இயந்திரம் அதை எழுதும்; தப்பு வந்தால் அவரே திருத்துவார். இங்கே புரிந்துகொள்ளுகின்றவன் மனிதன். வேகமாக எழுதுகின்றது இயந்திரம். எது யாருக்கு வருமோ அது அவரிடம் இருக்கின்றது.

"ஒன்றுமில்லாததற்கு இதாவது மேலல்லவா?" என்று சிலர் கேட்கலாம். பட்டினி கிடப்பவனுக்குக் கஞ்சி மேல்தான். ஆனால் கஞ்சியில் கல்லைப் போட்டுக் கொடுத்துவிட்டு, "ஒன்றுமில்லாததற்கு மேல்" என்று சொல்லுவது தர்மமல்ல. அமெரிக்காவில் காது கேளாதவர்களே இந்தச் சரிபார்க்காத எழுத்துக்கு 'கிராப்ஷன்' என்று, அதாவது குப்பையெழுத்து என்னும் பொருளில், ஏளனப் பெயர் வைத்திருக்கின்றார்கள். ஹார்வர்டு, எம்.ஐ.டி. ஆகிய இரண்டு பெரிய கல்விச் சாலைகள் மீது, பாடப் படங்களில் எழுத்து இல்லை, இருப்பதும் சரியில்லை என்று 2015-ல் வழக்குப் போட்டார்கள். 2019-லும் 2020-லும் அவ்விரண்டு சாலைகளும் ராஜிக்கு வந்தன. இயந்திரத்தைச் செய்தவர்களே, இதில் தப்பு வரலாம், பார்த்துத் திருத்திக்கொள்ளுங்கள் என்றுதான் எழுதி வைத்திருக்கின்றார்கள். செய்தவனுக்கில்லாத நம்பிக்கை, வாங்கினவனுக்கு எங்கிருந்து வந்தது?

"சிறு படம் எடுக்கும் ஏழை வாலிபன் ஆளுக்கு எங்கே போவான்?" என்றும் கேட்கலாம். அவனுக்கே இரண்டு காதுகள் இருக்கின்றனவே! நாலு மணி நேர வேலையை இயந்திரம் மிச்சப்படுத்திக் கொடுத்திருக்கும்போது, அதில் ஒரு மணி, இரண்டு மணி செலவழித்து முழுவதையும் கேட்டுப் பார்க்கக் கூடாதா? அதற்கும் முடியாதென்றால், "இது இயந்திரம் எழுதியது, யாரும் சரிபார்க்கவில்லை" என்று உண்மையையாவது போட்டுவிடட்டும்.

ஆகவே, படம் எடுப்பவர்களும், நிலையம் நடத்துபவர்களும் கீழ்க்கண்டவைகளைக் கைக்கொள்ள வேண்டும் என்று வற்புறுத்துகின்றோம்.

1. இயந்திரம் எழுதியதை, அந்தப் பாஷையும் அந்த ஊர்ப் பேச்சும் தெரிந்த ஒருவர் முழுவதும் காதால் கேட்டுச் சரிபார்த்த பிறகே வெளியிட வேண்டும். பெயர்கள், எண்கள், 'இல்லை' 'மாட்டேன்' போன்ற மறுப்புகள் ஆகியவற்றை இரண்டாந்தரமும் பார்க்க வேண்டும்.

2. சரிபார்த்தவர் பெயரைக் காமிராக்காரர் பெயரைப் போலவே படத்தில் போட வேண்டும்.

3. அவருக்குக் கூலி, கேட்கின்ற நேரத்துக்குக் கொடுக்கப்பட வேண்டும்.

4. தன் கஷ்டத்தைச் சொல்லுகின்ற ஏழை எளியவர்களின் பேச்சை எழுத்தாக்கினால், அதை அவர்களுக்கே படித்துக் காட்டி, "நீங்கள் சொன்னது இதுதானா?" என்று கேட்க வேண்டும். அவர்கள் பேசின வார்த்தையைப் பண்டிதத் தமிழாக மாற்றக் கூடாது.

5. எழுத்து நன்றாயிருக்கின்றதா என்று தீர்மானிக்கும் இடத்தில் காது கேளாதவர்களை உட்கார வைக்க வேண்டும்.

இவற்றில் எதற்கும் புது இயந்திரம் தேவையில்லை. புதுச் சட்டங்கூடத் தேவையில்லை. பொறுப்பு ஏற்றுக்கொள்ளும் எண்ணம் ஒன்றுதான் தேவை. பார்க்கின்ற ஜனங்களுக்கும் இதில் வேலையுண்டு. தப்பெழுத்தைக் கண்டால் சிரித்துவிட்டு விடாமல், காது கேட்கின்ற ஒவ்வொருவரும் படத்தை வெளியிட்டவருக்கு இன்ன இடத்தில் இன்ன தப்பு என்று எழுதிப் போட வேண்டும். தனக்குத் தெரிகின்ற தப்பைத் தெரியாதவனுக்காகச் சுட்டிக்காட்டுவதுதான் மனிதத்தன்மை. இயந்திரம் எவ்வளவு வேகமாக வேண்டுமானாலும் எழுதட்டும். அதன் அடியில் ஒரு மனிதன் கையெழுத்து இருக்கட்டும்.